ஓலையும் பதிவேடும்

ஆரணிப் பட்டு அந்த மண்ணிலேயே முளைத்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் ஆரணித் தறிகளில் உட்கார்ந்தவர்களில் ஒரு பகுதியினரான சௌராஷ்டிரர்கள் குஜராத் பக்கமிருந்து தலைமுறை தலைமுறையாகத் தெற்கே இறங்கி வந்தவர்கள். பழைய ஆவணங்கள் இவர்களைப் பட்டுநூல்காரர் என்கின்றன. வீட்டுக்குள் இன்றும் வேறு மொழி பேசும் இவர்களை யாரும் வந்தேறிகள் என்பதில்லை. 1983 முதல் இலங்கைப் போருக்குத் தப்பி வந்தவர்களோ நம் மொழியே பேசுகிறவர்கள். ஆரணி இருக்கும் அதே திருவண்ணாமலை மாவட்டத்தில், அடிஅண்ணாமலை போன்ற இடங்களில், இன்னும் முகாம்வாசிகள். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பண்பாடும் அல்ல, காலமும் அல்ல. அடைக்கலம் கொடுத்த அரசு, ஊர்க்காரராக ஆவதற்கு வழி வைத்ததா என்பதுதான் காரணம்.

கி.பி. 473-ஐச் சேர்ந்த மந்தசோர் கல்வெட்டு, குஜராத் பக்கத்து லாட தேசத்துப் பட்டு நெசவாளர் குழு ஒன்று மந்தசோரின் பழைய பெயரான தசபுரத்துக்குக் குடிபெயர்ந்து, அங்கே சூரியன் கோயில் எழுப்பியதைச் சொல்கிறது. குழுவில் சிலர் தறியை விட்டு வில்வித்தைக்கும் சோதிடத்துக்கும் போனார்களாம். அவர்களே நம் சௌராஷ்டிரர்களின் நேர் முன்னோர் என்று முடிச்சுப் போடுவதை ஆதாரம் தாங்காது. வந்த இடத்தில் வேரூன்றும் வாய்ப்பு அன்றே இருந்தது என்பதற்கு அது போதும். அதைவிடத் தெளிவான சாட்சி மதுரையில் இருக்கிறது. ராணி மங்கம்மாள் காலத்தில், 1705 வாக்கில், ஆவணி அவிட்டச் சடங்கு செய்ததற்காகப் பட்டுநூல்காரர் 18 பேரை அதிகாரி சிறைப்பிடித்தார். ராணி சாத்திரம் அறிந்தவர்களைக் கூட்டி விசாரிக்கச் செய்தார்; தீர்ப்பு நெசவாளர் பக்கம் வந்தது; அது ஓலையில் எழுதித் தரப்பட்டது. சாதி மரியாதை பற்றிய வழக்குதான் அது, குடியுரிமை வழக்கல்ல. ஆனாலும் வெளியிலிருந்து வந்தவர்கள் தங்கள் நிலையைக் கேட்டுப் பெற ஒரு சபை இருந்தது, முடிவும் நிரந்தரமாக இருந்தது.

நெசவாளருக்குக் கைத்தொழில் இருந்தது, அரசருக்கு அது தேவைப்பட்டது, அகதிக்கு அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பாதி உண்மை. பட்டு இல்லாவிட்டால் அரண்மனை இத்தனை அக்கறை காட்டியிருக்காது. ஆனால் முகாமில் இருப்பவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அவர்களில் பலர் பெயிண்டிங்கும் கட்டட வேலையும் செய்கிறார்கள். வேலைக்குப் போய்விட்டு, கியூ பிரிவுப் போலீஸ் கணக்கெடுக்கும் நாளில் முகாமில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். போர் முடிந்தால் திரும்புவார்கள், ஆகவே தற்காலிகமே போதும் என்ற வாதம் இன்னும் வலுவானது. 1992-க்கும் 1995-க்கும் இடையில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பினார்கள். போர் முடிந்த 2009-க்குப் பிறகும் பலர் போனார்கள். போகாதவர்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் முகாம்களிலேயே இருக்கிறார்கள். நாற்பதாண்டு கடந்த ஒன்றைத் தற்காலிகம் என்று எப்படிச் சொல்வது?

இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. எனவே எல்லாம் அரசாணையின் கருணை. சக்மா அகதிகள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அரசமைப்பின் 21-ஆம் பிரிவு குடிமகன் அல்லாதவரின் உயிரையும் காக்கும் என்றது. உயிரைக் காக்கும், குடியிருப்பு உரிமை தராது. இந்தியா என்ன சத்திரமா என்ற பொருளில் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில் அதே நீதிமன்றம் 2025 மே மாதம் கேட்டதும் இதனால்தான். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும், எண்ணிக்கை பற்றிய கவலையை நான் ஒதுக்கவில்லை. ஆனால் புதிதாக யாரை உள்ளே விடுவது என்பது ஒரு கேள்வி. ஏற்கெனவே பதிவேட்டில் ஏற்றி, உதவித்தொகை கொடுத்து, மூன்றாம் தலைமுறையையும் பார்த்துவிட்டவர்களை என்ன செய்வது என்பது வேறு கேள்வி.

2019 குடியுரிமைத் திருத்தத்தில் இலங்கை இல்லை. 2021-இல் தமிழக அரசு அகதிகள் முகாமை மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி வீடுகளும் கட்டித் தந்தது. குடியுரிமை அதன் கையில் இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. விலக்கு என்பது உரிமை ஆகாது. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் தரும்படி 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறியாகக் கருதப்பட்டால், 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த பிள்ளைக்கு அந்த வழி இல்லை, அது அதே முகாமில் பிறந்திருந்தாலும்.