காற்றுக் குழாயின் கதை

வீட்டில் இன்னொரு பாத்ரூம் கட்டும்போது, செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது மொட்டை மாடி வரை போகும் காற்றுக் குழாய்தான். எதற்கு அது என்று கேட்டால் "நாத்தம் போக" என்பார்கள். பாதிதான் சரி.

டாய்லெட்டின் அடி வளைவில் தேங்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கிறது. 1775-ல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை வாங்கிய யோசனை இது. ஆனால் குழாய் நிறையத் தண்ணீர் இறங்கும்போது வளைவில் நிற்பதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். (கேனிலிருந்து ட்யூப் வைத்து மண்ணெண்ணெய் இறக்குவோமே, அதே சங்கதி!) வெளிக்காற்று நுழைய வழி இருந்தால் இழுக்காது.

1871-ல் இங்கிலாந்து இளவரசர் எட்வர்ட் ஸ்கார்பரோவில் ஒரு மாளிகையில் தங்கிவிட்டு வந்து டைபாய்டில் சாகக் கிடந்தார். பழி சாக்கடைக் காற்றின் மேல் விழுந்தது. உண்மையில் டைபாய்டு பரவுவது தண்ணீரிலும் உணவிலும். காரணம் தப்பு, ஆனால் அந்தப் பயத்தில் பணக்காரர்கள் வீட்டுக் குழாய்களைச் சோதிக்க ஆரம்பித்தார்கள்.

கூரையைத் துளைக்க முடியாதவர்களுக்கு 1970-களில் ஸ்வீடனில் ஒரு வால்வு வந்தது. காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. அது இருந்தாலும் ஒரு குழாயாவது வெளியே திறந்திருக்க வேண்டும்.

2003-ல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் சார்ஸ் தொற்றி 42 பேர் இறந்தார்கள். பாத்ரூம் தரை வளைவுகள் காய்ந்து கிடக்க, எக்ஸாஸ்ட் ஃபேன் சாக்கடைக் காற்றை உள்ளே இழுத்தது என்றது அரசு விசாரணை. காய்ந்த வளைவைக் காற்றுக் குழாயாலும் காப்பாற்ற முடியாது. அதற்கு அவ்வப்போது ஒரு சொம்பு தண்ணீர்தான்.