சந்திரகிரி அரசுரிமைப் போரும் மாற்றுப்பிள்ளைச் செய்தியும்

முன்னுரை

1565ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைத் தோல்விக்குப்பின் விசயநகர அரசு பெனுகொண்டாவிலும், பிறகு சந்திரகிரியிலும் வேலூரிலும் நிலைபெற்றது. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கும் சந்திரகிரிக் கோட்டை இன்றும் அக்கால அரண்மனையைத் தாங்கி நிற்கிறது. இரண்டாம் வேங்கடபதிராயர் 1614இல் மறைந்ததும் மூண்ட அரசுரிமைப் போருக்கு மூலமான மாற்றுப்பிள்ளைச் செய்தியை இக்கட்டுரை ஆராய்கிறது.

அரண்மனைக்குள் வந்த பிள்ளை

போர்த்துக்கீசியப் பாதிரியார் மானுவேல் பர்ராதாசு கொச்சியிலிருந்து 1616 திசம்பர் 12இல் எழுதிய மடல் இந்நிகழ்வுக்குத் தலையாய சான்றாகும். மகப்பேறற்ற அரசி பாயம்மா, பார்ப்பனப் பெண்ணொருத்தியின் மகனைத் தன் மகனென அறிவித்தார். உண்மையறிந்தும் அரசியின்மீதுள்ள அன்பினால் மன்னர் வாய்திறவாது விழாவெடுத்தார் என்கிறது அம்மடல். இறப்பதற்கு மூன்று நாள் முன்னரே அவர் அண்ணன் மகன் சீரங்கரை வாரிசாக்கினார்.

அரண்மனையினின்று சென்ற பிள்ளை

அரசியின் உடன்பிறந்தாரான சக்கராயர் மாற்றுப்பிள்ளையை அரசனாக்கிச் சீரங்கரைச் சிறையிட்டு, பின்னர்க் குடும்பத்தோடு மாய்த்தார். இடைமகன் இராமதேவன் மட்டும் ஏற்கெனவே வெளியேறியிருந்தான். வெலுகோட்டி யாசமநாயக்கர் அரண்மனை வண்ணான் ஒருவரின் துணையால் அவனைக் கடத்தி வந்திருந்தார். மதுரை, செஞ்சி நாயக்கர்கள் சக்கராயரையும், தஞ்சை இரகுநாத நாயக்கர் இராமதேவனையும் ஆதரித்தனர். கல்லணைக்கு அருகிலுள்ள தோப்பூரில் நடந்த போரில் சக்கராயர் வீழ்ந்தார்.

சான்றின் மதிப்பு

இராமபத்ராம்பாளின் இரகுநாதாப்யுதயம் முதலான தஞ்சை அவைக்கள நூல்கள் வென்றவரைப் பாடுவன. பர்ராதாசின் மடலோ இரு படைகளும் திருச்சிராப்பள்ளி வெளியில் திரண்டு நின்றபோதே எழுதப்பட்டது. ஆகவே மாற்றுப்பிள்ளைச் செய்தி வெற்றிக்குப்பின் புனையப்பட்டதன்று எனத் துணியலாம். எனினும் போரிடும் இரு தரப்பில் ஒன்றுக்கு அது பெரிதும் பயன்பட்டது என்பதும் ஈண்டு கருதத்தக்கது. செய்தியின் பழமை அதன் உண்மைக்கு உறுதியாகாது.

முடிவுரை

பிள்ளையின் பிறப்பு ஐயத்திற்குரியதேயாயினும், மன்னரின் மௌனம் விளைத்த கேடு தெளிவானது. விழாவெடுத்து ஏற்ற ஒருவனை வெளிப்படையாக மறுக்காமல் வேறொருவரை வாரிசாக்கியமையால், இரு தரப்பினரும் மன்னர் செயலையே தம் உரிமைக்குச் சான்றாகக் காட்ட இடமேற்பட்டது. அரியணையேறிய இராமதேவர் பின்னாளில் சக்கராயரின் தம்பி எதிராசரின் மகளை மணந்தே அமைதி கண்டார். குருதியின் தூய்மைக்கெனத் தொடங்கிய பூசல், தந்தையைக் கொன்ற குடியோடு கொண்ட மணவுறவில் முடிந்தது.