ஒரு பக்கம் எரிந்த கதை: 'அல்மா' என்றால் யார்?

இன்னைக்கு ஒரே ஒரு சொல்லைப் பத்திப் பேசப் போறோம்.

1952 நவம்பர் கடைசி நாள். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ராக்கி மவுண்ட் என்ற ஊர். மார்ட்டின் லூதர் ஹக்ஸ் என்ற பாதிரியார், அப்போதுதான் வெளிவந்திருந்த ஆர்.எஸ்.வி. பைபிளிலிருந்து ஏசாயா புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் கிழித்து, கூடியிருந்தவங்க முன்னாடியே கொளுத்தினார். ஏன்? கிங் ஜேம்ஸ் பைபிளில் 'வர்ஜின்' என்று இருந்த இடத்தில், புதுசுல 'யங் உமன்'. கன்னி போய் இளம்பெண் வந்துவிட்டாள். 'வர்ஜின்' அடிக்குறிப்பில் இருக்கத்தான் செய்தது. அவருக்கு அது போதலை.

சரி, மூலத்தில் என்ன இருக்கு? எபிரேயத்தில் 'அல்மா'. ஏசாயா 7ஆம் அதிகாரம், 14ஆம் வசனம்.

இதுக்கு முதல்ல கதை தெரியணும். கி.மு. 735 வாக்கில், யூதா நாட்டு அரசன் ஆகாஸ் நடுங்கிப் போயிருக்கிறான். வடக்கே இருக்கும் இரண்டு அரசர்கள், டமாஸ்கஸின் ரேசீனும் இஸ்ரேலின் பெக்காவும், சேர்ந்து அவன்மேல் படையெடுத்து வருகிறார்கள். ஏசாயா போய், பயப்படாதே என்று ஓர் அடையாளம் சொல்கிறார்: ஒரு அல்மா மகனைப் பெற்று இம்மானுவேல் என்று பெயர் வைப்பாள், அந்தப் பையனுக்கு நல்லது கெட்டது தெரியும் வயசு வருவதற்குள் அந்த இரண்டு அரசர்களின் நாடும் பாழாகும். கி.மு. 732இல் அசீரியர்கள் டமாஸ்கஸைப் பிடித்தார்கள்.

கவனிச்சீங்களா? ஆகாஸுக்கு அந்தக் குழந்தை ஒரு கடிகாரம் மாதிரி. அங்கே முக்கியம் எப்படிப் பிறந்தது என்பதல்ல, எவ்வளவு சீக்கிரம் எல்லாம் முடியும் என்பதுதான்.

'அல்மா' என்பது 'எலெம்' என்ற சொல்லின் பெண்பால். எலெம் என்றால் வாலிபன்; கோலியாத்தைக் கொன்ற தாவீதை அரசன் சவுல் அந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறான். அப்போ அல்மா என்றால் பருவப்பெண். கல்யாணம் ஆகாதவளாக இருக்கலாம், பெரும்பாலும் இருப்பாள். ஆனால் சொல் அதைச் சொல்லவில்லை. கன்னித்தன்மையை அழுத்திச் சொல்ல எபிரேயத்தில் 'பெதூலா' என்று வேறு சொல் உண்டு. நம்ம 'கன்னி'யையே எடுத்துக்கோங்களேன். கன்னிப்பெண் என்று சொல்லும்போது சில நேரம் வயசைச் சொல்கிறோம், சில நேரம் வேறு ஒன்றை.

அடுத்து கிரேக்கம். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கிரேக்கம் பேசிய யூதர்கள் தங்கள் வேதத்தைக் கிரேக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். ஏசாயா புத்தகம் அப்படிப் போனது கி.மு. 2ஆம் நூற்றாண்டு வாக்கில். அங்கே அல்மா 'பார்த்தெனோஸ்' ஆகிறாள், அதாவது கன்னி. மொழிபெயர்த்தவர் ஏதோ அற்புதத்தை மனசில் வைத்து எழுதினாரா? எனக்கு அப்படித் தோணலை. ஆதியாகமத்தின் கிரேக்க வடிவத்தில், யாக்கோபின் மகள் தீனாள் பலாத்காரம் செய்யப்பட்ட பிறகும் அவளுக்கு அதே பார்த்தெனோஸ்தான். அந்தச் சொல்லும் கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்திருக்கிறது.

ஆனால் மத்தேயு தன் சுவிசேஷத்தை எழுதியது கிரேக்கத்தில். மரியாளின் பிரசவத்தைச் சொல்லும் இடத்தில் இந்தக் கிரேக்க வசனத்தை எடுத்து வைக்கிறார். அதோடு சொல்லின் பொருள் இறுகிவிட்டது. "ஒரு தப்பான மொழிபெயர்ப்பிலிருந்து ஒரு மதமே பிறந்தது" என்று யூடியூபில் சொல்வாங்க பாருங்க, அது அவசர முடிவு. லூக்காவும் கன்னிப் பிறப்பைச் சொல்கிறார், இந்த வசனத்தை மேற்கோள் காட்டாமலே. நம்பிக்கை முதலில் வந்து, பிறகு வசனத்தைத் தேடியிருக்கவும் வாய்ப்புண்டு.

சண்டை 2ஆம் நூற்றாண்டிலேயே ஆரம்பம். ஜஸ்டின் என்ற கிறிஸ்தவர் எழுதிய உரையாடல் நூலில் டிரைஃபோ என்ற யூதர் மறுக்கிறார்: அது பார்த்தெனோஸ் இல்லை, 'நியானிஸ்', இளம்பெண். ஆகாஸின் மகன் எசேக்கியாவைப் பற்றித்தான் அந்த வசனம் என்கிறார். அதே நூற்றாண்டில் அக்விலா செய்த புதுக் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் நியானிஸ்தான். யூதர்கள் வசனத்தை மாற்றுகிறார்கள் என்பது ஜஸ்டின் தரப்பின் புகார். இதற்கு ஒரு பதில் 1947 வாக்கில் சாக்கடல் பக்கத்துக் குகையிலிருந்து வந்தது. இயேசு பிறப்பதற்கு முன்பே பிரதி எடுக்கப்பட்ட ஏசாயா சுருள். அதில் இருப்பதும் அல்மாதான்.

ஆக 1952இல் எரிந்தது 1,800 வருஷத்துப் பழைய வாக்குவாதம். இன்னொருவர் எரித்த பைபிளின் சாம்பல், மொழிபெயர்ப்புக் குழுத் தலைவர் லூதர் வைகலுக்கு டப்பாவில் போட்டு வந்து சேர்ந்தது. அதை அவர்கள் தூக்கிப் போடாமல் குழுவின் ஆவணங்களோடு பத்திரப்படுத்தினார்கள். இத்தனைக்கும் அதே ஆர்.எஸ்.வி.யில் மத்தேயுவைத் திறந்தால், அங்கே 'வர்ஜின்' அப்படியே இருக்கிறது.

தமிழிலும் இதே கதைதான். பழைய மொழிபெயர்ப்பில் ஏசாயாவிலும் மத்தேயுவிலும் கன்னிகை. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் ஏசாயாவில் இளம்பெண், மத்தேயுவில் கன்னி. வீட்டில் இரண்டும் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க.