அகலத்தில் வளர்ந்த வண்டி

ஆக்டிங் டிரைவராக மயிலாப்பூர் சந்துகளில் பிறத்தியார் வண்டிகளை ஓட்டுகிறவன் நான். வண்டிகள் பெருத்த கதை என் கைக்கே தெரியும். 2015இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வந்த முதல் ஹூண்டாய் க்ரெட்டாவின் நீளம் 4,270 மி.மீ. 2020இல் 4,300; 2024இல் 4,330. பெட்ரோல் எஞ்சின் 123 குதிரைத்திறனில் தொடங்கியது; இப்போது டர்போவில் 160.

ஆனால் அதே நிறுவனத்தின் வென்யூ கதைதான் எனக்கு முக்கியம். 2006 பட்ஜெட்டில், நான்கு மீட்டருக்கு மிகாத, சிறிய எஞ்சின் கொண்ட கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். பின்னால் வந்த ஜி.எஸ்.டி.யும் அந்த நான்கு மீட்டர் கோட்டைக் கைவிடவில்லை. அதனால் 2019 வென்யூவும் 3,995 மி.மீ., 2025இன் புதிய வென்யூவும் அதே 3,995. நீளத்தில் கை வைக்க முடியாதவர்கள் அகலத்தில் 30 மி.மீ. கூட்டி, உயரத்தையும் ஏற்றிவிட்டார்கள்.

30 மி.மீ. என்றால் ஏறக்குறைய இரண்டு விரல் அகலம். எதிரே ஆட்டோ வந்தால் பக்கக் கண்ணாடியை மடக்கி, சாக்கடை மூடிமேல் சக்கரத்தை ஏற்றி ஒதுங்குகிற இடத்தில் அந்த இரண்டு விரல்தான் கணக்கு. சந்து அகலவில்லை. நீளத்துக்குக் கோடு போட்ட அரசு அகலத்துக்கும் ஒன்று போட வேண்டும்.