நீல டொல்பின் தீவின் நங்கை: கதையும் வரலாறும்

இளைஞர்க்கென எழுந்த நூல்களுள் முதியோரும் விரும்பிக் கற்பன சிலவே. அமெரிக்க எழுத்தாளர் ஸ்கொட் ஓடெல் 1960 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நீல டொல்பின்களின் தீவு’ அத்தகையதொரு நாவலாகும். 1961 இல் நியூபெரிப் பதக்கம் பெற்ற இந்நூலின் தலைவி கரானா என்னும் 12 வயதுச் சிறுமி. குலத்தார் யாவரும் மரக்கலமேறிப் புறப்பட்டபோது, கரையில் தங்கிவிட்ட தம்பியின்பொருட்டு அவள் கடலிற் குதித்துத் தீவுக்கு மீள்கின்றாள். அத்தம்பியையும் காட்டுநாய்கள் கொன்றுவிடத் தனியளாகின்றாள். பெண்டிர் படைக்கலம் செய்தலாகாதென்பது அவள் குலவழக்கு. உயிர் வாழ்தற்பொருட்டு அவ்வழக்கை மீறி வில்லும் ஈட்டியுஞ் செய்கின்றாள். பகைத்த நாய்க்கூட்டத்தின் தலைவனையே ஈற்றில் தோழனாக்கிக் கொள்கின்றாள். இக்கதைக்கு அடிப்படையாயமைந்த உண்மை வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

கலிபோர்ணியாக் கரைக்கு அப்பால், ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது சான் நிக்கலஸ் தீவு. அதனைச் சூழ்ந்த கடலில் நீர்நாய்கள் மலிந்திருந்தன. அவற்றின் மென்மயிர்த் தோலுக்குச் சீனத்துச் சந்தையிற் பெருவிலை கிடைத்தது. அத்தோலை நாடிய உருசிய அமெரிக்கக் கம்பனியார் வடபுலத்து வேட்டுவரை 1814 அளவில் அத்தீவில் இறக்கினர். வேட்டுவர்க்கும் தீவினர்க்கும் மூண்ட பூசலில் தீவினர் பலர் மாண்டனர். எஞ்சியோரை 1835 இல் ‘பியோர் எஸ் நாடா’ என்னும் கப்பல் பெருநிலத்துக்கு ஏற்றிச் சென்றது. ஒருத்தி மட்டும் பின்தங்கினாள்.

18 ஆண்டுகள் கழிந்தன. 1853 இல் நீர்நாய் வேட்டைக்குச் சென்ற ஜோர்ஜ் நிடெவர் குழுவினர் அவளைக் கண்டனர். நீர்க்காகத்தின் இறகுத்தோலால் ஆக்கிய ஆடையை அவள் உடுத்திருந்தாள். வந்தோரைக் கண்டு ஓடாது, நகைமுகங் காட்டிக் கிழங்கு சுட்டு அளித்தாள் என அவர்கள் கூறினர். அவளைச் சாந்தா பார்பரா நகருக்கு அழைத்து வந்தனர். ஆங்கு அவள் மொழியை அறிவார் ஒருவரையும் கண்டிலர். அவள் சொற்களுள் நான்கே பதிவாயின. ஏழு வாரத்தில், அக்டோபர் 19 ஆம் நாள், வயிற்றளைச்சலால் இறந்தாள். ‘யுவானா மரியா’ என்பது ஞானஸ்நானத்தின்போது இடப்பட்ட பெயர். அவளது சொந்தப் பெயரை வரலாறு அறியாது.

கதைக்கும் வரலாற்றுக்கும் உள்ள வேறுபாடுகள் சிறியன அல்ல. மீட்கப்பட்டபோது அவள் ஏறத்தாழ 50 வயதினள் எனக் கண்டோர் மதித்தனர். அங்ஙனமாயின், தனித்து நின்றபோது அவள் சிறுமியல்லள். முப்பதை அண்மிய மாது. அவள் தேடிச் சென்றது தம்பியை அன்று, தன் குழந்தையை என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செய்தி. பிற்காலத்தில் ஆராயப்பட்ட வாய்மொழிக் குறிப்பொன்றோ, மகன் வளர்ந்து அவளுடன் வாழ்ந்து பின்னர்க் கடலில் மடிந்தான் என்கிறது. அவள் வாழ்ந்ததெனக் கருதப்படும் குகையொன்றும் 2012 இல் இனங்காணப்பட்டது. இவை யாவற்றினும் நெஞ்சை வருத்துவது மற்றொரு செய்தி. கப்பலிற் சென்ற அவள் குலத்தாருள் ஒருவரேனும், அவள் மீட்கப்பட்ட ஆண்டில், லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் உயிரோடிருந்தார் என அண்மைய ஆய்வாளர் ஆவணங்கொண்டு கருதுகின்றனர். அவள் பேச்சை விளங்கத்தக்க ஒருவர் அதே கரையில் இருந்தும், இருவரும் சந்தித்ததற்குச் சான்றில்லை.

நாவலாசிரியர் வயதைக் குறைத்ததும் மகனைத் தம்பியாக்கியதும் குற்றமாகா. இளம் வாசகர் அவளிடத்தே தம்மைக் காண அவை உதவின. கரானாவின் மனவுறுதியும் கற்பனையன்று. அத்தீவில் உயிரோடிருந்ததே அதற்குச் சான்று. நூலாசிரியர் வேட்டுவர் கொடுமையையும் மறைத்தாரல்லர். ஆயினும், தனிமையை வென்ற வீரத்தை வியக்கும் வாசகர், அத்தனிமையை விளைத்தது எது என்பதை எளிதில் மறந்துவிடுவர். அது புயலின் செயலன்று, விதியின் செயலுமன்று. தோல் வாணிகமே ஒரு குலத்தைச் சிதைத்தது. அவ்வாணிகமே மீட்போரையும் கொணர்ந்தது. 18 ஆண்டு தனித்து உயிர் காத்தவள், மீட்கப்பட்டபின் இரு திங்களேனும் வாழ்ந்திலள்.

ஆதலின் மாணாக்கர் இந்நாவலை முதலிற் கதையாகவே கற்று இன்புறுக. பின்னர், அவளைத் தனியாக்கியவர் யாவர் என வினவுக. அவ்வினா எழுமிடத்தே வரலாற்றுக் கல்வி தொடங்குகின்றது.