அளவுகோல் யார் கையில்? நெல்லை, தென்காசி வட்டாரப் பள்ளிகளை முன்வைத்து ஆசிரியர் இலக்குகளின் வரலாறு

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது புளியங்குடி. எலுமிச்சைச் சந்தையால் பெயர்பெற்ற ஊர். அங்கோ சுற்றியுள்ள கிராமங்களிலோ ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியைக்கு இன்று திட்டவட்டமான இலக்கு ஒன்று உண்டு. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருள் உணர்ந்து வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குகளைச் செய்ய வேண்டும். 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வைத்த இலக்கு அது. குழந்தை அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளில் எதில் நிற்கிறது என்று மதிப்பிட்டு, கைப்பேசிச் செயலியில் அவர் பதிய வேண்டும்.

செயலி புதியது. ஆசிரியரின் உழைப்பை எண்ணால் அளக்க வேண்டும் என்ற எண்ணமோ இந்த வட்டாரத்துக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அந்த நீண்ட தடத்தில் இரண்டு கேள்விகளை மட்டும் இங்கே பின்தொடர்கிறேன். அளந்த கணக்கு யாருக்குப் பயன்பட்டது? குழந்தையின் வளர்ச்சியை எந்தப் புள்ளியிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள்? ஒவ்வொரு காலத்திலும் இலக்குகள் வகுப்பறையை மேம்படுத்தினவா கெடுத்தனவா என்பது பெரும்பாலும் இவ்விரண்டுக்குமான விடையைப் பொறுத்தே அமைந்தது என்பது என் முடிவு.

திண்ணையில் இருந்த அளவு

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் உள்நாட்டுப் பள்ளிகளைப் பற்றி மாவட்ட ஆட்சியர்களிடம் விவரம் கேட்டார். 1826-ல் தொகுக்கப்பட்ட கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. திருநெல்வேலிச் சீமையும் அந்தக் கணக்கில் அடக்கம்.

அந்தத் திண்ணைப் பள்ளிகளில் வகுப்பு என்ற பிரிவே கிடையாது. மணலில் எழுத்து, பின்னர் ஓலை, அரிச்சுவடி, ஆத்திசூடி, எண்சுவடி என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படியேறியது. ஒரு படி முடிந்ததா என்பதை வாத்தியார் அன்றன்றே கேட்டு அறிந்தார். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இந்த முறையைப் பார்த்துத்தான் 1797-ல் இங்கிலாந்தில் தம் நூலை வெளியிட்டார். அங்கே அது ‘சென்னை முறை’ என்றே பேர் பெற்றது. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாத்து போன்ற சுவடிகளை ஆராய்ந்த செந்தில் பாபு, திண்ணைக் கணிதத்தில் மனப்பாடம் என்பது வெற்று ஒப்புவித்தல் அல்ல, அன்றாடக் கணக்குக்கான பயிற்சி என்று காட்டியிருக்கிறார்.

இதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் திண்ணை தலித் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் எட்டாததாக இருந்தது. பெண் குழந்தைகளும் அரிதாகவே அங்கே இருந்தார்கள். பிரம்பும் கடுந்தண்டனையும் அதன் அன்றாடம். ஆனால் அளவு பற்றிய ஒரு செய்தியை அது விட்டுச் சென்றது. வாத்தியாரின் அளவு அடுத்த பாடம் என்ன என்பதைத் தீர்மானித்தது; எங்கேயும் அனுப்பப்படவில்லை.

தேர்ச்சிக்குப் பணம்

1854-ன் உட் அறிக்கை அரசு மானியம் பெறும் பள்ளிகளுக்கு வழிவகுத்தது. நெல்லைச் சீமையில் அதன் அடையாளங்கள் இன்றும் கண்முன் இருக்கின்றன. பாளையங்கோட்டைக்கு 1820-ல் வந்த மிஷனரி ரேனியஸின் காலத்திலிருந்து மிஷன் பள்ளிகள் பரவிய பகுதி இது. ‘டி.டி.டி.ஏ. தொடக்கப்பள்ளி’ என்ற பெயர்ப்பலகையை இந்த வட்டாரத்தில் பல ஊர்களில் பார்க்கலாம். பல்வேறு சமுதாயங்களும் அறக்கட்டளைகளும் நடத்தும் உதவிபெறும் பள்ளிகளும் அதே மானிய மரபில் வந்தவையே.

மானியத்தை எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்விக்கு விடை இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே ராபர்ட் லோ 1862-ல் கொண்டுவந்த திருத்தச் சட்டக்கோவையின்படி, ஒழுங்காக வந்த ஒவ்வொரு குழந்தையும் ஆய்வாளர் முன்னால் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் தேறினால் பள்ளிக்கு எட்டு ஷில்லிங் கிடைக்கும். ஒன்றில் தோற்றால் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் குறையும். பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்டு இதைத் தொடக்கத்திலிருந்தே எதிர்த்தார். எனினும் அதே கொள்கை கடல் கடந்து வந்தது. சென்னை மாகாணத்தில் மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஆசிரியர் சம்பள மானியமும், கீழ்நிலைப் பள்ளிகளுக்குத் தேர்ச்சி மானியமும் வழங்கப்பட்டன. கிராமத்து வாத்தியாரின் வருமானம் ஆய்வாளர் வரும் அந்த ஒரு நாளில் தொங்கியது.

இதற்கு ஒரு நற்பயன் உண்டு என்பதை மறுக்கக்கூடாது. திண்ணைப் பள்ளிகள் பெருமளவில் அரசுக் கணக்குக்குள் வந்தன. ஏழைப் பிள்ளையும் தேறினால் பணம் என்பதால் அவர்களைச் சேர்க்க ஒரு காரணம் கிடைத்தது. 1882-ல் அமைந்த ஹண்டர் ஆணையம் தொடக்கக் கல்விக்குத் தேர்ச்சி மானியத்தை ஆதரித்ததும் அதனால்தான். ஆனால் வகுப்பறைக்குள் நடந்தது வேறு. நிச்சயம் தேறும் பிள்ளைக்கு மேலும் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை. தேறவே வாய்ப்பில்லாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தாலும் பயனில்லை. தேர்ச்சிக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பிள்ளைதான் பணம். பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்வித்தலே போதனை ஆயிற்று. குறைந்த சம்பளம், அதிகாரமின்மை, பாடநூலின் ஆதிக்கம் ஆகியவை நம் ஆசிரியரைக் காலனியக் காலத்திலேயே சிறு ஊழியராக்கிவிட்டன என்ற கல்வியாளர் கிருஷ்ணகுமாரின் ஆய்வை இந்தப் பின்னணியில் வாசிக்க வேண்டும்.

1904 மார்ச்சில் கர்சன் அரசு வெளியிட்ட கல்விக் கொள்கைத் தீர்மானம் தேர்ச்சி மானியத்தைக் கைவிடச் சொன்னது. அதற்குப் பதிலாக வருகை, கட்டடம், ஆசிரியர் தகுதி, போதனையின் தன்மை ஆகியவற்றைப் பார்த்து மானியம் தரவேண்டும் என்றது. பணம் போயிற்று. ஆனால் ஆய்வுநாளுக்காக வகுப்பைத் தயார் செய்யும் பழக்கம் மட்டும் போகவில்லை. இன்றும் அதிகாரி வருகிறார் என்றால் பள்ளிகளில் காணும் பரபரப்பு அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியே.

ஊரே எழுதிய பட்டியல்

விடுதலைக்குப் பின் முதல் இலக்கு கற்றல் அல்ல, சேர்க்கை. அது சரியான முன்னுரிமை. காமராசர் ஆட்சியில் 1956-ல் அன்றைய நெல்லை மாவட்டத்து எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஒரு பள்ளிக்கு என்ன தேவை என்று ஊராரும் ஆசிரியர்களும் உட்கார்ந்து பட்டியல் எழுதினார்கள். எத்தனை மேசை, எத்தனை கரும்பலகை, எங்கே சுற்றுச்சுவர், யார் தருவது என்று எல்லாம் எண்ணிக்கையில் இருந்தன. தருவதாகச் சொன்னவர்கள் ஊர் முன்னால் சொன்னார்கள்.

கற்றலைத் தொடாத இலக்குதான். ஆனாலும் அளவின் வரலாற்றில் இது ஒரு திருப்பம். பட்டியல் பள்ளியில் பிறந்தது. அதை நிறைவேற்றியவர்களே அதைச் சரிபார்க்கவும் செய்தார்கள். பின்னர் கோத்தாரி ஆணையம் (1964–66) ஒவ்வொரு பள்ளியும் தன் வளர்ச்சித் திட்டத்தைத் தானே வகுக்க வேண்டும் என்று வலியுறுத்தியதும், ஆணையத்தின் செயலாளர் ஜே.பி.நாயக் அந்தக் கருத்தைப் பல ஆண்டுகள் பரப்பியதும் இதே திசையில்தான். 2009-ன் கட்டாயக் கல்விச் சட்டம் 22-ஆம் பிரிவில் பள்ளி மேலாண்மைக் குழு மேம்பாட்டுத் திட்டம் வகுக்க வேண்டும் என்று சொல்வதும் அந்த வழிவந்ததே.

விழுக்காடும் ஏணியும்

1991-ல் ஆர்.எச்.தவே குழு ‘குறைந்தபட்சக் கற்றல் அடைவுகள்’ பட்டியலை வெளியிட்டது. வகுப்பில் 80 விழுக்காட்டினர் 80 விழுக்காட்டுத் திறன்களில் தேற வேண்டும் என்பது அதன் குறி. கற்றலை எண்ணில் சொன்னதில் அது நேர்மையான முயற்சி. ஆனால் மீதி 20 விழுக்காட்டினர் யார் என்ற கேள்வி அந்த எண்ணுக்குள் மறைந்துவிட்டது. கிராமங்களில் அவர்கள் பெரும்பாலும் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள், அறுவடைக்கும் களையெடுப்புக்கும் பெற்றோருடன் போய்வருபவர்கள்.

தமிழ்நாட்டின் பதில் பத்தாண்டு கழித்து வந்தது. அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்; நம் கல்வி வரலாற்றில் அதற்குரிய இடம் இன்னும் தரப்படவில்லை. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார், ரிஷிவேலியின் கிராமப்புறப் பள்ளி அனுபவத்தைத் தழுவி, 2003-ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007-ல் அது மாநிலம் முழுவதும் பரவியது. பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. சுவரில் ஏணிப்படி. ஒவ்வொரு மைல்கல்லிலும் அறிமுகம், பயிற்சி, மதிப்பீடு, குறைதீர் கற்றல் என்று அட்டைகள் வரிசையாக இருந்தன. குழந்தை தானே அட்டையை எடுத்து, தான் நிற்கும் படியைத் தானே பார்த்தது. இரண்டு வாரம் வராத பிள்ளை திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. பாடம் முன்னே போய்விட்டது என்ற அச்சம் அதற்கு இல்லை. எட்டாத கரும்பலகை கீழே இறங்கி, ஆசிரியரும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார்.

திண்ணையின் தனிவேகம் அதன் சாதிச் சுவரின்றி மீண்டும் வந்தது என்றே இதை நான் பார்க்கிறேன். குறைகளும் இருந்தன. ஒரே அட்டைகளை எல்லா ஊரிலும் வைத்ததில் ஆசிரியரின் சொந்தக் கற்பனைக்கு இடம் சுருங்கியது. பல பள்ளிகளில் அட்டையை அடுக்கி வைப்பதே வேலையாயிற்று. மேலிருந்து ஒரே மூச்சில் திணிக்கப்பட்டதன் விலை அது.

உயர்நிலைப் பள்ளிகளில் இதே காலத்தில் அளவு முற்றிலும் வேறு வழியில் போனது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு ஒன்றே தலைமையாசிரியரின் மதிப்பு ஆயிற்று. குறைந்தால் விளக்கம் கேட்கப்படும். விழுக்காட்டைக் காக்க, மெல்லக் கற்போரைத் தேர்வு எழுதாமல் விலகச் செய்யும் வழி பிறந்தது. முதலிடம் பெற்றோர் பட்டியலை 2017-ல் மாநில அரசு நிறுத்தியது நல்ல முடிவு. விழுக்காட்டின் பிடி அதனால் தளரவில்லை. 1860களின் கோடும் இந்தக் கோடும் ஒரே வேலையைத்தான் செய்தன.

இரண்டு ஆய்வுகள்

தேர்ச்சி மானியத்தின் தோல்வியைக் காட்டி ‘ஆசிரியரை அளக்கவே கூடாது’ என்று சொல்பவர்கள் உண்டு. அதை ஏற்க முடியாது. கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திரத்தின் கிராமப்புற அரசுத் தொடக்கப்பள்ளிகளில் செய்த சோதனை 2011-ல் வெளியானது. மாணவர்களின் மதிப்பெண் உயர்வைப் பொறுத்து ஆசிரியருக்கு ஆண்டுச் சம்பளத்தில் சராசரியாக 3 விழுக்காடு ஊக்கத்தொகை. இரண்டு ஆண்டுகளில் கணிதத்தில் திட்ட விலக்கத்தில் 0.27 அளவும் மொழியில் 0.17 அளவும் மதிப்பெண் உயர்ந்தது. ஊக்கத்தொகை இல்லாத அறிவியல், சமூக அறிவியல் பாடங்களிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆசிரியர் வருகை கூடவில்லை. வந்தவர்கள் கூடுதலாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

1862-க்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அங்கே ஒரு கோட்டைத் தாண்டிய பிள்ளைகளின் எண்ணிக்கை. இங்கே ஒவ்வொரு பிள்ளையும் தொடங்கிய இடத்திலிருந்து நகர்ந்த தூரம். அங்கே முழுப் பிழைப்பும் தேர்வில் தொங்கியது. இங்கே சம்பளம் பத்திரம், கூடுதலாகச் சிறு தொகை. எந்தப் பிள்ளையையும் கைவிட ஆசிரியருக்குக் காரணம் இல்லை.

மற்றோர் ஆய்வு மத்தியப் பிரதேசத்தில் 1,774 பள்ளிகளில் நடந்தது. முரளிதரனும் அபிஜீத் சிங்கும் எழுதியது. விரிவான மதிப்பீடு, பள்ளிக்குத் தரநிலை, பள்ளிக்கென்றே வகுத்த மேம்பாட்டுத் திட்டம் என எல்லாம் இருந்தன. மதிப்பீடுகள் ஏறத்தாழ எல்லாப் பள்ளிகளிலும் முடிக்கப்பட்டன. பள்ளி நடப்பிலோ கற்றலிலோ எந்த மாற்றமும் இல்லை. ஆனாலும் திட்டம் வெற்றி என்று கருதப்பட்டு, நாடெங்கும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்தது. படிவம் நிரம்பியதே சாதனையாகக் கொள்ளப்பட்டது. என்.சி.இ.ஆர்.டி. 2013-ல் கொண்டுவந்த ‘பிண்டிக்ஸ்’ ஆசிரியர் சுயமதிப்பீட்டுப் படிவத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஏழு செயல்தரங்கள், நான்கு படிநிலைகள். நிரப்பிய ஆசிரியருக்கு அதிலிருந்து திரும்பி வந்தது என்ன?

அரும்பு, மொட்டு, மலர்

‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் மையக் கருத்து நல்லது. குழந்தை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதை விட எந்த நிலையில் நிற்கிறது என்பதற்கு ஏற்பப் பயிற்சி தருகிறது. கொரோனாவுக்குப் பின் ஊரகத் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு, இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்தில் மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு அரசின் மாலைநேரக் கற்றல் திட்டமான ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது என்றும் காட்டியது. நிலையறிந்து கற்பித்தால் பிள்ளைகள் விரைவாக மீள்வார்கள் என்பதில் ஐயமில்லை.

சிக்கல் வேறிடத்தில். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் முதல் மூன்று வகுப்புகளையும் சேர்த்தே பார்க்கிறார். வளரறி மதிப்பீடுகளைக் குழந்தை குழந்தையாகச் செயலியில் ஏற்றும் நேரம் கற்பிக்கும் நேரத்திலிருந்துதான் போகிறது. கல்வித் துறையின் இணையத் தரவுத்தளமான எமிஸில் பதியும் வேலையிலிருந்து விடுவிக்கக் கோரி ஆசிரியர் கூட்டமைப்பான டிட்டோஜாக் 2023-ல் போராடியதை வேலைத் தட்டிக்கழிப்பு என்று சிலர் பேசினார்கள். அது அநியாயம். பாடம் நடத்த நேரம் கேட்டார்கள்.

அளவின் நுணுக்கத்திலும் கவனம் வேண்டும். 2021-ல் ஒன்றிய அரசு தொடங்கிய ‘நிபுண் பாரத்’ என்ற அடிப்படைக் கற்றல் திட்டம் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொற்கள் என்று வாசிப்பு வேகத்தைக் குறித்தது. ‘விளையாடிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது தமிழில் ஒரே சொல். இந்தியில் அது நான்கைந்து சொல்லாகப் பிரியும். 2022-ன் அடிப்படைக் கற்றல் ஆய்வு மொழிக்கு மொழி தனி அளவுக்குறி வைத்தது இதை ஓரளவு திருத்தியது.

புளியங்குடி போன்ற ஊருக்கு நான் பரிந்துரைப்பது இதுதான். ஜூனில் எடுக்கும் அடிநிலை மதிப்பீட்டை ஒவ்வொரு குழந்தையின் தொடக்கப் புள்ளியாக வைத்து, டிசம்பரிலும் ஏப்ரலிலும் அது நகர்ந்த படிகளை மட்டும் ஆசிரியரின் இலக்காகக் கொள்ள வேண்டும். அந்தக் கணக்கு முதலில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், பிள்ளைகளின் பெயர் வெளியாகாமல், பெற்றோர் முன்னால் வைக்கப்பட வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலருக்கு அது இரண்டாவதாகப் போகட்டும். நகராத பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று ஆசிரியர் எழுதும் குறிப்புக்கு, வட்டார வள மையம் குறித்த நாளுக்குள் ஆளோ பொருளோ அனுப்பிப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராத மாதங்களை மையத்தின் கணக்கில் எழுத வேண்டும், ஆசிரியரின் கணக்கில் அல்ல.