கோவிட்-19

கோவிட்-19 என்பது சார்ஸ்-கோவ்-2 என்னும் தீநுண்மியால் உண்டாகும் தொற்றுநோய். முதன்மையாக மூச்சுப்பாதையையும் நுரையீரலையும் தாக்கும். 2019 டிசம்பரில் சீனாவின் ஊகான் நகரில் முதலில் இனங்காணப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2020 பிப்ரவரி 11 அன்று நோய்க்கு இப்பெயரைச் சூட்டியது. மார்ச் 11 அன்று இதைப் பெருந்தொற்று என்றது. மக்கள் வழக்கில் நோய்க்கும் கிருமிக்கும் ‘கொரோனா’ என்பதே பெயர்.

தீநுண்மி

இலத்தீனில் ‘கொரோனா’ என்றால் மகுடம். மின்னணு நுண்ணோக்கியில் பார்க்கும்போது, கிருமியைச் சுற்றித் துருத்தி நிற்கும் கூர்ப்புரதங்கள் மகுடம்போலத் தோன்றுவதால் இத்தீநுண்மிக் குடும்பத்துக்கு இப்பெயர் வந்தது. மனிதரைத் தொற்றும் கொரோனா தீநுண்மிகளாக ஏழு அறியப்பட்டுள்ளன. அவற்றுள் நான்கு சாதாரணச் சளியை உண்டாக்குபவை. 2002இல் தோன்றிய சார்ஸ், 2012இல் அறியப்பட்ட மெர்ஸ், கோவிட்-19 ஆகிய நோய்களின் கிருமிகள் மற்ற மூன்று. சார்ஸ்-கோவ்-2, ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழையைக் கொழுப்புறைக்குள் பொதிந்து வைத்திருக்கிறது. கூர்ப்புரதத்தைக் கொண்டு மனித உயிரணுவின் ஏ.சி.இ.-2 ஏற்பியைப் பற்றி உள்ளே நுழைகிறது.

பரவும் முறை

தொற்றியவர் இருமும்போதும் தும்மும்போதும் மட்டுமன்றி, பேசும்போதும் பாடும்போதும் மூச்சுவிடும்போதும் கிருமி வெளியேறுகிறது. பெரிய நீர்த்திவலைகள் சற்றுத் தொலைவிலேயே விழுந்துவிடும். நுண்திவலைகளோ காற்றோட்டமற்ற அறைகளில் நெடுநேரம் மிதக்கும். அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே ஒருவர் பிறருக்குப் பரப்பக்கூடும் என்பதே இந்நோயைக் கட்டுப்படுத்துவதில் இருந்த பெருஞ்சிக்கல். காய்ச்சல் உள்ளவரை மட்டும் வடிகட்டி நிறுத்துவது அதனால் போதவில்லை.

அறிகுறிகள்

கிருமி உடலில் புகுந்து 2 முதல் 14 நாட்களுக்குள் அறிகுறிகள் தோன்றும். காய்ச்சல், வறட்டு இருமல், தொண்டை வலி, மூக்கொழுகல், உடல்வலி, சோர்வு, தலைவலி ஆகியவை பொதுவானவை. சிலருக்கு வயிற்றுப்போக்கும் உண்டு. தொடக்க அலைகளில் அடையாளமாக இருந்த மணமும் சுவையும் இழத்தல், கிருமியின் உருமாறிய ஓமிக்ரான் வகை பரவிய பிறகு குறைந்தது. சளிக்காய்ச்சலிலிருந்து இதை அறிகுறிகளை மட்டும் கொண்டு பிரித்தறிய இயலாது.

பெரும்பாலோர் எளிதில் தேறிவிடுகின்றனர். முதியோர், நீரிழிவு, இதயநோய், சிறுநீரக நோய், நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளோர், உடற்பருமன் மிக்கோர், கர்ப்பிணிகள், எதிர்ப்பாற்றல் குன்றியோர் ஆகியோருக்கு நோய் முற்றும் வாய்ப்பு கூடுதல். நோய் முற்றுவோரில் பலருக்கு முதல் வாரத்தின் இறுதியிலோ இரண்டாம் வாரத் தொடக்கத்திலோ மூச்சுத்திணறல் தொடங்குகிறது. மூச்சுத்திணறலை உணராமலேயே உயிர்வளி அளவு சரிவதும் உண்டு.

கண்டறிதல்

மூக்கு அல்லது தொண்டைச் சளியில் செய்யப்படும் ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனை மிகுந்த நுட்பம் வாய்ந்தது. ஆனால் குணமான பின்னும் கிருமியின் எச்சத்தை அது சில வாரம் காட்டக்கூடும். விரைவு ஆன்டிஜென் சோதனை அரைமணிக்குள் முடிவு தரும். அதில் ‘இல்லை’ என்று வந்ததை மட்டும் கொண்டு தொற்று இல்லை என்று கொள்ளலாகாது.

மேலாண்மை

நோயின் முதற்கட்டத்தில் கிருமி பெருகுகிறது. பிற்கட்டத்தில் உடலின் எதிர்ப்பாற்றலே மிகையாகி, அழற்சியால் நுரையீரலைக் கெடுக்கிறது. சிகிச்சை இந்த இரு கட்டங்களையும் தழுவியே அமைகிறது.

எளிய நோய்க்கு வீட்டில் தனித்திருத்தல், ஓய்வு, போதிய நீராகாரம், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் ஆகியவை போதும். ஆபத்து மிக்கோருக்கு நிர்மட்ரெல்விர்-ரிட்டோனவிர் போன்ற கிருமியெதிர் மருந்தை அறிகுறி தோன்றிய 5 நாட்களுக்குள் தொடங்கவேண்டும். பிந்தினால் பயன் குறையும். ஸ்டீராய்டு இதற்கு மறுதலை; அது பிற்கட்டத்துக்கே உரியது. டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு, உயிர்வளி தேவைப்படும் நோயாளிகளின் இறப்பைக் குறைக்கிறது என 2020 ஜூனில் பிரிட்டனின் ‘ரெக்கவரி’ ஆய்வு காட்டியது. உயிர்வளி தேவைப்படாதோருக்கு அதனால் நன்மை இல்லை. 2021இல் இந்தியாவில் கருப்புப் பூஞ்சை நோய் பெருகியதற்குக் கட்டுக்குள் இல்லாத நீரிழிவோடு, ஸ்டீராய்டை அளவின்றிப் பயன்படுத்தியதும் காரணமாகக் கூறப்பட்டது. ஹைட்ராக்சிகுளோரோகுயின், ஐவர்மெக்டின் ஆகியவை பெரிய ஆய்வுகளில் பயன்தரவில்லை. ஆன்டிபயாடிக் மருந்துகள் தீநுண்மியைக் கொல்வதில்லை.

வீட்டில் இருப்போர் விரலில் பொருத்தும் ஆக்சிமீட்டரால் உயிர்வளி அளவைக் கண்காணிக்கலாம். நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் அளவைப் பிறழக் காட்டும்; கருநிறத் தோலில் உண்மை அளவைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. அளவு 94 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கினாலோ, மூச்சுத்திணறல், விடாத நெஞ்சுவலி, மனக்குழப்பம், உதடு நீலம்பாரித்தல் ஆகியவை தோன்றினாலோ உடனே மருத்துவமனை செல்லவேண்டும்.

சிலருக்குச் சோர்வு, மூச்சிரைப்பு, மறதி போன்றவை மாதக்கணக்கில் நீடிக்கும். இது ‘நெடுங்கோவிட்’ எனப்படும்.

தடுப்பு

தடுப்பூசியே முதன்மையான காப்பு. தொற்றை முற்றிலும் தடுக்காவிடினும், நோய் முற்றுவதையும் இறப்பையும் அது பெரிதும் குறைக்கிறது. இந்தியாவில் 2021 ஜனவரி 16 அன்று கோவிஷீல்டு, கோவாக்சின் ஆகியவற்றோடு தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 2022 ஜூலையில் 200 கோடித் தவணைகள் நிறைவடைந்தன. இந்நோய்க்கான எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளுக்கு வழிகோலிய கத்தலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் ஆகியோர் 2023இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர்.

நெரிசலான மூடிய இடங்களில் முகக்கவசம் அணிதலும், சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் தருதலும் பரவலைக் குறைக்கும். கிருமியின் கொழுப்புறையைச் சோப்பு சிதைத்துவிடும் என்பதால் 20 நொடி கைகழுவுதல் பயனுள்ளது. தமிழகத்தில் பரவலாக வழங்கப்பட்ட கபசுரக் குடிநீர் என்னும் சித்த மருந்து தடுப்பூசிக்கோ உரிய சிகிச்சைக்கோ மாற்றாகாது.

தமிழகத்தில்

இந்தியாவின் முதல் தொற்று 2020 ஜனவரி 30 அன்று கேரளத்திலும், தமிழகத்தின் முதல் தொற்று மார்ச் 7 அன்றும் உறுதியாயின. நாடு முழுவதும் மார்ச் 25 முதல் ஊரடங்கு நடப்புக்கு வந்தது. சென்னை கோயம்பேடு சந்தையில் மூண்ட தொற்று, அங்கு வந்துபோன வணிகர், தொழிலாளர் வழியாகப் பல மாவட்டங்களுக்குப் பரவியது. மே மாதத்தில் சந்தை மூடப்பட்டது. சென்னையில் தெருவாரியாக நடந்த காய்ச்சல் முகாம்கள் நோயாளிகளைத் தேடிச்சென்று கண்டறிந்தன. 2021இல் டெல்டா வகையால் எழுந்த இரண்டாம் அலையே மிகக் கொடியதாயிற்று. மருத்துவமனைகளில் உயிர்வளிக்கும் படுக்கைக்கும் தட்டுப்பாடு நேர்ந்தது.

இன்றைய நிலை

உலக சுகாதார நிறுவனம் இந்நோய்க்கென அறிவித்திருந்த உலகளாவிய அவசரநிலையை 2023 மே 5 அன்று விலக்கிக்கொண்டது. கிருமி அழியவில்லை, உருமாறியபடி இன்றும் பரவிக்கொண்டிருக்கிறது.